பேஜ் பில்டர்: யாருக்கு, எந்தப் பக்கத்தில், எவ்வளவு சுதந்திரம்?

சைட்டின் பக்க வடிவமைப்புக் கருவியை, அதாவது பேஜ் பில்டரை, தேர்ந்தெடுக்கும் கூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். கருவியை நன்கு பழகிய ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு முகப்புப் பக்கத்தைக் கட்டிக் காட்டுவார். முழு அகலப் படம், அதன்மேல் எழுத்து, கீழே மூன்று அட்டைகள், நகரும் ஸ்லைடர். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தயார். பார்ப்பவர்களுக்குப் பிடித்துப்போகும், முடிவும் ஆகிவிடும். ஆனால் அந்தக் கருவியை அடுத்த நான்கைந்து வருடம் தினமும் தொடப்போகிறவர் பல நேரங்களில் அந்தக் கூட்டத்திலேயே இருக்கமாட்டார். முகப்புப் பக்கம் கட்டுவது அவர் வேலையும் கிடையாது. ஓர் அறிவிப்பைப் போடுவது, நிகழ்ச்சித் தேதியை மாற்றுவது, பழைய பிடிஎஃப்பை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது, விலகிப்போனவரின் படத்தை நீக்குவது, இவைதான் அவர் வேலை. இந்த வேலைகளை வைத்துக் கருவியை எடைபோட்டால் முடிவு பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும்.

வசதிகள் நிறைந்த கருவியா, கையாள எளிய கருவியா என்று மொத்த சைட்டுக்கும் ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை. எந்த வகைப் பக்கம், யார் கையில் இருக்கப்போகிறது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் கருவிகளின் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் பக்கங்களின் பட்டியலைப் போட்டாக வேண்டும்.

முதலில் பக்கங்களைப் பிரியுங்கள்

சைட்டில் வரப்போகும் எல்லாப் பக்கங்களையும் ஒரு ஷீட்டில் எழுதி, பக்கத்திலேயே இரண்டு குறிப்புகள் வையுங்கள். இதே வடிவில் இன்னும் எத்தனை பக்கம் வரும்? இதை யார் எழுதுவார்? செய்தி, நிகழ்ச்சி, ஆள் விவரம், பொருள் விவரம், வேலைவாய்ப்பு போன்றவை திரும்பத் திரும்ப வருபவை. முகப்பு, “எங்களைப் பற்றி”, பிரசாரப் பக்கம் போன்றவை ஒன்றிரண்டு மட்டும் இருப்பவை.

திரும்பத் திரும்ப வரும் வகைக்குப் பேஜ் பில்டரே வேண்டாம். தலைப்பு, தேதி, இடம், படம், சுருக்கம், விவரம் என்று நிரப்பும் படிவம் போதும். வேர்ட்பிரஸ், துருபல் ஆகியவை சைட்டின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்கள். வேர்ட்பிரஸ்ஸில் கஸ்டம் போஸ்ட் டைப்பும் (பக்க வகை) கஸ்டம் ஃபீல்டுகளும் (நிரப்பும் கட்டங்கள்), துருபலில் கன்டென்ட் டைப்பும் அதன் ஃபீல்டுகளும் இதற்காகவே இருக்கின்றன. காரணம் தோற்றம் மட்டுமல்ல. நிகழ்ச்சித் தேதியை ஓர் எழுத்துப் பெட்டிக்குள் “மார்ச் 14, மாலை 6 மணி” என்று தட்டிவிட்டால், “வரவிருக்கும் நிகழ்ச்சிகள்” என்ற பட்டியலை சைட்டால் தானாகத் தயாரிக்க முடியாது. முடிந்துபோன நிகழ்ச்சியைத் தானாக மறைக்கவும் முடியாது. தேதி அதற்குரிய ஃபீல்டில் இருந்தால்தான் வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் முடியும், வேறோர் ஆப்புக்கு அனுப்பவும் முடியும். இழுத்து விட்டுக் கட்டிய பக்கத்தில் தகவலும் தோற்றமும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. பிறகு அவற்றைப் பிரித்தெடுப்பது கையால் செய்ய வேண்டிய வேலை.

இப்படிப் பிரித்த பிறகு பில்டர் உண்மையிலேயே தேவைப்படும் பக்கங்கள் மிகச் சிலவாகச் சுருங்கும். அவற்றைக் கையாளப்போகிறவர்களும் ஓரிருவராகத்தான் இருப்பார்கள்.

நான்கு படிகள்

பக்கம் அமைக்கும் முறைகளைச் சுதந்திரத்தின் அளவு கூடக்கூட நான்கு படிகளாக அடுக்கலாம். முதல் படி, மேலே சொன்ன வெறும் ஃபீல்டு படிவம். இரண்டாவது, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் துண்டுகள். துருபலில் பாராகிராஃப்ஸ் மாட்யூல் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்), வேர்ட்பிரஸ்ஸில் ஏசிஎஃப் பிளகினின் ஃபிளெக்சிபிள் கன்டென்ட் ஆகியவை இந்த வகை. மூன்றாவது, ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கக்கூடிய பிளாக்குகள். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0உடன் வந்த பிளாக் எடிட்டரும், 2019 மே மாதம் துருபல் 8.7இல் நிலையான பதிப்பான லேஅவுட் பில்டரும் இங்கே வரும். நான்காவது, ஏறக்குறைய வெற்றுப் பலகை. எலிமென்டர், வெப்ஃப்ளோ, ஸ்குவேர்ஸ்பேஸின் ஃப்ளூயிட் எஞ்சின் போன்றவை.

இரண்டாவது படியைப் பலர் பழைய முறை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு குழு சேர்ந்து எழுதும் சைட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை இன்றைக்கும் அதுதான். எட்டு முதல் பன்னிரண்டு துண்டுகள் இருந்தால் சாதாரண நிறுவன சைட்டின் பெரும்பகுதியை முடித்துவிடலாம்: எழுத்து, படமும் எழுத்தும், மேற்கோள், கேள்வி-பதில், கோப்புப் பட்டியல், அட்டை வரிசை, வீடியோ, அழைப்புப் பட்டன், தொடர்பு விவரம், அட்டவணை. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று தேர்வுகளுக்கு மேல் வேண்டாம். “படமும் எழுத்தும்” துண்டில் படம் இடமா வலமா, பின்னணி வெள்ளையா சாம்பலா, அவ்வளவுதான்.

துண்டுகளுக்குப் பெயர் வைப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். “இரண்டு நெடுவரிசை 33/67” என்ற பெயர் டெவலப்பருக்குப் புரியும். எழுதுகிறவருக்கு “படமும் விளக்கமும்” என்றால்தான் புரியும். துண்டு செய்யும் வேலையைப் பெயராக வைத்தால் எதை எங்கே போடுவது என்ற சந்தேகமே எழாது. தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மாதிரிப் படமும் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு தலைப்பு பிளாக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்

நான்காம் படிக் கருவி ஒன்றில் ஒரு தலைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். எழுத்து வகை, அளவு, அந்த அளவின் அலகு, தடிமன், வரி உயரம், எழுத்து இடைவெளி, நிறம், நிழல், கலப்பு முறை, மார்ஜின், பேடிங், இசட் இண்டெக்ஸ், அசைவு என்று வரிசையாக வரும். மார்ஜினுக்கு நான்கு பக்கம், பேடிங்குக்கு நான்கு பக்கம். டெஸ்க்டாப், டேப்லெட், மொபைல் மூன்றுக்கும் தனித்தனி. இடைவெளிக்கு மட்டும் ஒரு தலைப்புக்கு 24 எண்கள். பக்கத்தில் இருபது பிளாக் இருந்தால் 480. யாரும் எல்லாவற்றையும் நிரப்பப் போவதில்லை. ஆனால் எங்கோ ஒன்று தவறாகத் தட்டப்பட்டு மொபைலில் எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், எந்த எண் காரணம் என்று தேட வேண்டியது இத்தனைக்குள்தான்.

இந்தத் தேர்வுகளில் எதுவும் தன்னளவில் கெட்டதில்லை. வடிவமைப்பாளருக்கு இவை வேண்டும். ஒரு வார்த்தையைத் திருத்த வந்தவர் கண்ணுக்கும் இவையெல்லாம் தெரிகின்றன என்பதுதான் சிக்கல்.

தலைப்பிலேயே இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டாம் நிலைத் தலைப்பு பார்வைக்குப் பெரிதாக இருக்கிறது என்று எழுதுகிறவர் நான்காம் நிலையைத் தேர்ந்தெடுப்பார். கண்ணுக்குச் சரியாக இருக்கும். திரைவாசிப்பானில் கேட்கிறவருக்கோ பக்கத்தின் கட்டமைப்பு குலைந்துவிடும். அவர் தலைப்பு நிலைகளைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்துக்குள் தாவுகிறார். இதைத் தடுக்க நிலையையும் தோற்றத்தையும் பிரிக்க வேண்டும். நிலையைப் பக்கத்தின் அமைப்பு தீர்மானிக்கட்டும். எழுதுகிறவருக்குப் “பெரியது, நடுத்தரம், சிறியது” என்று மூன்று தோற்றங்களைக் கொடுத்தால் போதும். வேர்ட்பிரஸ் பிளாக் எடிட்டரில் தலைப்பு பிளாக்குக்குப் பிளாக் ஸ்டைல்கள் பதிவுசெய்து இதைச் செய்யலாம்.

இடைவெளியும் அப்படித்தான். பிளாக்குகளுக்கு நடுவே இடம் போதவில்லை என்று தோன்றினால் எழுதுகிறவர் ஸ்பேசர் பிளாக்கைப் போடுவார், இல்லையென்றால் காலியான பத்திகளை எண்டர் தட்டிச் சேர்ப்பார். வேர்ட்பிரஸ் ஸ்பேசரின் இயல்பு உயரம் 100 பிக்சல். டெஸ்க்டாப்பில் அது காற்றோட்டமாகத் தெரியும். மொபைலில் அடுத்தடுத்து இரண்டு வந்தால் பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து வாசகர் கிளம்பிவிடுவார். ஸ்பேசர் போடாதீர்கள் என்று கையேட்டில் எழுதி வைப்பதால் எதுவும் மாறாது. பிளாக்குகளுக்கு இடையிலான இயல்பு இடைவெளியைத் தீமிலேயே (சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்பிலேயே) சரியாக அமைத்துவிட்டு, ஸ்பேசர் பிளாக்கைச் செருகும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தேவையே எழாத இடத்தில் தடை யாருக்கும் உறுத்தாது.

பட்டனை ஒளிப்பதும் வடிவமைப்புதான்

2021இல் வேர்ட்பிரஸ் 5.8 கொண்டுவந்த தீம் ஜேசன் கோப்பு (theme.json) தேவையற்ற தேர்வுகளை ஒளிக்க நல்ல சாதனம். நிறத் தட்டில் ஆறேழு நிறம் மட்டும் வையுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் இயல்பு நிறத் தட்டையும், விருப்ப நிறம், விருப்பக் கிரேடியன்ட் ஆகியவற்றையும் அணையுங்கள். எழுத்தளவில் நான்கைந்து படி வைத்துவிட்டு விருப்ப அளவை அணையுங்கள். இடைவெளிக்கும் அதேபோல் படிகள் மட்டும். இவ்வளவும் ஒரு கோப்பில் சில வரிகள்தான். ஆனால் வலது பக்கப் பட்டை பாதியாகச் சுருங்கிவிடும். எழுதுகிறவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

நிறத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அழகைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் ஏஏ நிலை விதி. எழுத்து நிறம், பின்னணி நிறம் இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விட்டால் இந்த விதி என்றாவது ஒருநாள் மீறப்படும். ஏற்கெனவே சோதித்த இணைகளாகக் கொடுங்கள்: “கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து” ஒரு தேர்வு, “வெளிர் சாம்பலில் கறுப்பு” இன்னொரு தேர்வு.

அடுத்தது பூட்டு. வேர்ட்பிரஸ்ஸில் டெம்ப்ளேட் பூட்டு மூன்று அளவில் வேலை செய்யும். ஒன்று, புதிய பிளாக் சேர்க்கவோ இருப்பதை நீக்கவோ விடாது, இடம் மாற்ற மட்டும் விடும். இன்னொன்று அதையும் விடாது. மூன்றாவது எழுத்து, படம் போன்ற உள்ளடக்கத்தை மட்டும் திருத்த விட்டு, அமைப்பு சார்ந்த பிளாக்குகளைப் பட்டியலிலிருந்தே மறைத்துவிடும். எழுதுகிறவர் கையில் கொடுக்கும் பேட்டர்ன்களுக்கு (முன்பே அடுக்கி வைத்த பிளாக் தொகுப்புகளுக்கு) இந்த மூன்றாவதுதான் பொருத்தம். 2022இல் 6.0 பதிப்பிலிருந்து எடிட்டர் திரையிலேயே பிளாக்கைப் பூட்டலாம். ஆனால் பூட்டியதை அதே மெனுவில் இன்னொருவர் திறந்துவிடவும் முடியும். அதனால் பூட்டும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று கோடில் ஒரு ஃபில்டர் போட்டுக் கட்டுப்படுத்தினால்தான் பூட்டுக்கு அர்த்தம். துருபலில் இதே வேலைக்கு லேஅவுட் பில்டர் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ், லேஅவுட் பில்டர் லாக் என்ற மாட்யூல்கள் உண்டு. முதலாவது எந்த பிளாக், எந்த லேஅவுட் கிடைக்கும் என்பதைச் சுருக்கும். இரண்டாவது ஏற்கெனவே இருக்கும் பகுதிகளை நகர்த்தவிடாமல் தடுக்கும்.

நகலாகிவிட்ட வடிவம்: பெரிய செலவு இங்கேதான்

எளிமை, அழகு எல்லாவற்றையும் விட இந்த ஒரு விஷயத்துக்கு அதிக கவனம் கொடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கொடுக்கும் சுதந்திரம், பின்னால் எல்லாப் பக்கத்தையும் ஒரே இடத்திலிருந்து மாற்றும் வசதியைப் பறித்துவிடும்.

துருபலின் லேஅவுட் பில்டரில் ஒரு கன்டென்ட் டைப்புக்கு இயல்பு அமைப்பு ஒன்று இருக்கும். “ஒவ்வொரு உள்ளடக்கத்துக்கும் தனி அமைப்பு அனுமதி” என்ற ஒரே ஒரு டிக்கைப் போட்டால், எழுதுகிறவர் எந்தப் பக்கத்தையும் தனியாக மாற்றலாம். அப்படி ஒருமுறை மாற்றிச் சேமித்ததும் முழு அமைப்பும் அந்தப் பக்கத்துக்கே நகலாகிவிடும். ஒரே ஒரு பிளாக்கை மேலே நகர்த்தியிருந்தாலும் இதே கதிதான். அதற்குப் பிறகு இயல்பு அமைப்பில் “முன்பதிவு இணைப்பு” என்று ஒரு புதிய ஃபீல்டைச் சேர்த்தால், தொடாத பக்கங்களில் அது வரும், தொட்ட பக்கங்களில் வராது. இயல்புக்குத் திருப்பும் வசதி உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தில் தனியாகச் சேர்த்த பிளாக்குகள் எல்லாம் அதோடு போய்விடும். நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிப் பக்கங்கள் இப்படிப் பிரிந்து கிடந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவதோ ஸ்கிரிப்ட் எழுதுவதோதான் வழி. அந்த டிக்கைச் செய்தி, நிகழ்ச்சி வகைகளில் போடாதீர்கள். பிரசாரப் பக்கத்துக்குத் தனி கன்டென்ட் டைப் வைத்து, அங்கே மட்டும் போடுங்கள்.

சைட் இருமொழியில் இருந்தால் இன்னும் கவனம். துருபல் கோரில் (கூடுதல் மாட்யூல் இல்லாத அடிப்படைத் துருபலில்) தனி அமைப்பு கொண்ட பக்கத்தை மொழிபெயர்ப்பது நேரடியாக நடக்காது. எல்லா மொழிக்கும் ஒரே அமைப்பு, எழுத்து மட்டும் வேறு என்றால் ஒரு மாட்யூல். மொழிக்கு மொழி அமைப்பே வேறு என்றால் இன்னொரு மாட்யூல். இரண்டில் எது என்று தொடங்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். நடுவில் மாற்றுவது வலி.

வேர்ட்பிரஸ்ஸிலும் இதே பள்ளம் இருக்கிறது. சாதாரண பேட்டர்னைச் செருகினால் அது நகல். பேட்டர்னைப் பின்னால் திருத்தினால் ஏற்கெனவே செருகிய இடங்கள் மாறாது. 2023இல் 6.3 பதிப்பு, அதுவரை “ரீயூசபிள் பிளாக்” என்று இருந்ததை “சிங்க்டு பேட்டர்ன்” என்று பெயர் மாற்றியது. இதை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். ஆனால் எழுத்தும் சேர்ந்தே மாறிவிடும் என்பதால் அட்டை, பேனர் போன்றவற்றுக்கு அது உதவவில்லை. 2024இல் 6.6 கொண்டுவந்த ஓவர்ரைடு வசதி இந்த இடைவெளியை நிரப்புகிறது. வடிவம் பொதுவாக இருக்கும், குறிப்பிட்ட தலைப்பு, பத்தி, பட்டன், படம் மட்டும் இடத்துக்கு இடம் மாறலாம். பிளாக் எடிட்டரில் வந்த வசதிகளில் குழுவாக எழுதும் சைட்டுகளுக்கு மிகவும் பயன்படுவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

வேர்ட்பிரஸ்ஸின் சைட் எடிட்டரில் (டெம்ப்ளேட்டுகளையும் திரையிலேயே திருத்தும் இடம்) இன்னொரு சிக்கல். தீமுடன் கோப்பாக வரும் டெம்ப்ளேட்டை யாராவது எடிட்டரில் திருத்திச் சேமித்தால், திருத்திய பதிப்பு டேட்டாபேஸில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு டெவலப்பர் கோப்பை மாற்றி அப்லோட் செய்தாலும் திரையில் ஒன்றும் மாறாது, ஏனென்றால் டேட்டாபேஸில் உள்ளதுதான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். கேஷ் (தற்காலிக நகல்) பிரச்சினை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். டெம்ப்ளேட் பட்டியலில் அந்தத் திருத்தத்தை ரீசெட் செய்தால் சரியாகும். யார் சைட் எடிட்டருக்குள் போகலாம் என்பதை முதல் நாளே முடிவுசெய்து உரிமையைக் கட்டினால் இது எழவே எழாது.

இழுத்து விடுவது எளிது என்ற நம்பிக்கை

டெமோவில் இழுத்து விடுவது அழகாகத்தான் இருக்கும். மூன்று அடுக்கு உள்ளே இருக்கும் பட்டனை இன்னொரு நெடுவரிசைக்கு நகர்த்தும்போதுதான் கஷ்டம் தெரியும். விடும் இடம் ஒரு மெல்லிய கோடு. கை சற்று அசைந்தால் பட்டன் வெளிக் கன்டெய்னருக்குள் போய்விழும். நீளப் பக்கமென்றால் இழுத்தபடியே ஸ்க்ரோல் செய்ய வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கும் கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவருக்கும் இது முடியவே முடியாது. 2023இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2, இழுத்தே ஆக வேண்டியவை தவிர, இழுத்துச் செய்யும் வேலைகளுக்கு இழுக்காமல் செய்யும் மாற்று வழி வேண்டும் என்று ஏஏ நிலையில் விதித்திருக்கிறது. பக்கம் எழுதும் கருவிகளுக்கென்றே இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2015இல் வெளியிட்ட ஏடிஏஜி 2.0 வழிகாட்டுதல்களும் உண்டு. ஆகவே கருவியைச் சோதிக்கும்போது மேலே, கீழே என்ற அம்பு பட்டன்கள் இருக்கின்றனவா, பக்கத்தின் முழு அமைப்பையும் பட்டியலாகக் காட்டும் பார்வை இருக்கிறதா என்று பாருங்கள். பழகிய எழுத்தாளர்கள் சில வாரங்களில் இழுப்பதை விட்டுவிட்டு அந்தப் பட்டியலுக்கே மாறிவிடுவார்கள்.

சுதந்திரக் கட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் வைக்கவிடும் கருவிகளில் மொபைல் வடிவத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும். 2022இல் வந்த ஃப்ளூயிட் எஞ்சினில் டெஸ்க்டாப்புக்கு 24 நெடுவரிசை, மொபைலுக்கு 8. இரண்டு அமைப்பும் தனித்தனி. ஒரு பக்கத்தைத் திருத்தினால் இரண்டையும் பார்த்தாக வேண்டும். எழுதுகிறவர் டெஸ்க்டாப்பை மட்டும் பார்த்துவிட்டு வெளியிட்டுவிடுவார், வாசகர் மொபைலில் வருவார். கண்ணில் தெரியும் வரிசையும் கோடில் உள்ள வரிசையும் வேறாகிப்போவதும் இங்கே சகஜம். டேப் விசையை அழுத்திக்கொண்டே போய்ப் பாருங்கள், ஃபோகஸ் மேலும் கீழும் குதித்தால் வரிசை குலைந்திருக்கிறது. பிரவுசர் அகலத்தை 320 பிக்சலுக்குக் குறைத்துப் பக்கவாட்டு ஸ்க்ரோல் வருகிறதா என்றும் பாருங்கள்.

தமிழ் சைட்டுகளுக்கு ஒரு குறிப்பு. டெமோவில் இருக்கும் போலி ஆங்கில எழுத்தை நம்பாதீர்கள். “ஒருங்கிணைப்பாளர்களுக்கான” போன்ற ஒரே சொல் நான்கு நெடுவரிசை அட்டையின் அகலத்தைத் தாண்டிவிடும். உங்கள் சைட்டிலேயே மிக நீளமான தலைப்பை எடுத்து ஒவ்வொரு துண்டிலும் போட்டுப் பாருங்கள். அட்டை வரிசையை மூன்றோடு நிறுத்துங்கள், வரி உயரத்தை 1.6க்குக் கீழே குறைக்காதீர்கள். கொம்பும் கொக்கியும் மேல்வரி கீழ்வரியோடு முட்டிக்கொண்டால் படிக்கவே சலிப்பாகிவிடும்.

வெளியே வரும் கோடையும் பாருங்கள்

வசதி அதிகமான பில்டர்கள் ஒரு வரி எழுத்தைச் சுற்றி நான்கைந்து உறைகளை (அதைச் சூழும் எச்டிஎம்எல் கூறுகளை) போடுவது வழக்கம். கூகுளின் பக்கச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸில் நீண்டகாலம் இருந்த டாம் அளவுச் சோதனை (பக்கத்தின் எச்டிஎம்எல் கூறுகளை எண்ணுவது) சுமார் 800 கூறுகளுக்கு மேல் போனால் எச்சரித்தது, 1,400க்கு மேல் போனால் பிழை என்று காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க, தேர்வில் இருக்கும் ஒவ்வொரு கருவியிலும் ஒரே பக்கத்தைக் கட்டுங்கள்: ஒரு பேனர், மூன்று அட்டை, ஓர் அட்டவணை, ஒரு கேள்வி-பதில். பிறகு கூறுகளின் எண்ணிக்கையையும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண மொபைலில் முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் வருகிறதா, பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். எலிமென்டர் பழைய செக்‌ஷன், காலம் முறையிலிருந்து ஃபிளெக்ஸ்பாக்ஸ் கன்டெய்னருக்கு மாறிய பிறகு உறைகள் கணிசமாகக் குறைந்தன. பழைய முறையில் கட்டிய பக்கங்கள் மட்டும் மாற்றிக் கட்டும்வரை அப்படியே இருக்கும்.

வெளியேறும் வழியையும் இப்போதே சோதியுங்கள். ஸ்டேஜிங் சைட்டில் (சோதனைக்கான நகலில்) பில்டர் பிளகினை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறங்கள். டபிள்யூபி பேக்கரி போன்ற ஷார்ட்கோடு முறைக் கருவியென்றால் சதுர அடைப்புக் குறிகளும் குறியீடுகளும் எழுத்தோடு கலந்து நிற்கும். எலிமென்டர் வடிவத்தைத் தனி மெட்டா ஃபீல்டில் ஜேசனாக வைத்திருப்பதால், அதை நிறுத்தினால் வடிவம் போய் வெறும் உள்ளடக்கம் ஏறக்குறைய மிஞ்சும். பிளாக் எடிட்டர் சாதாரண எச்டிஎம்எல்லில் குறிப்பு வரிகளோடு சேமிப்பதால் எழுத்து அப்படியே இருக்கும். இன்னும் சில வருடங்களில் சைட்டை மாற்றும்போது ஆகும் செலவில் பெரும்பங்கை இந்த ஒரு சோதனையிலேயே ஊகித்துவிடலாம்.

எழுதப்போகிறவரை உட்கார வைத்துச் சோதிப்பது

மூன்று முதல் ஐந்து பேர் போதும். டெவலப்பர் வேண்டாம், நாளை உண்மையில் எழுதப்போகிறவர்களாக இருக்க வேண்டும். இந்த வேலைகளைக் கொடுங்கள்: ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்துவது, இரண்டாவது மூன்றாவது பகுதிகளுக்கு நடுவில் படத்துடன் ஒரு பகுதியைச் சேர்ப்பது, ஓர் அட்டவணையில் வரிசை ஒன்றைக் கூட்டுவது, தவறுதலாக ஒரு பகுதியை நீக்கிவிட்டு நேற்றைய பதிப்பை மீட்பது, பக்கத்தை வெளியிடாமல் மேலதிகாரிக்குக் காட்டுவது. பக்கத்தில் உட்காருங்கள், உதவாதீர்கள். எங்கே கை நிற்கிறது, எந்தச் சொல்லைத் தேடுகிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

நான்காவது வேலையில்தான் கருவிகளின் உண்மையான தரம் வெளிப்படும். மீட்க முடியும் என்று தெரிந்தவர் தைரியமாகத் தொடுவார். தெரியாதவர் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் டெவலப்பரைக் கூப்பிடுவார். லேஅவுட் பில்டரில் பிளாக்கின் “அப்டேட்” பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்களையும் பார்க்கலாம். அதன்பிறகு மேலே “சேவ் லேஅவுட்” அழுத்தினால்தான் மாற்றம் பக்கத்துக்கு வரும். இதற்குப் பயிற்சியை விடச் சேமிக்கும் பட்டனைத் திரையில் ஒட்டி நிற்கும்படி செய்வது பலன் தரும்.

இறுக்கிவிட்டால் என்ன ஆகும்

எல்லாவற்றையும் பூட்டிவிடுவதும் சரியில்லை. தேவையான வடிவம் கிடைக்காதவர் வேறு வழி கண்டுபிடிப்பார். நேரம், இடம், கட்டணம் எல்லாம் எழுதிய போஸ்டரை ஒரே படமாக ஏற்றுவார். திரைவாசிப்பானுக்கும் தேடுபொறிக்கும் அது வெறும் படம். மொபைலில் எழுத்து எறும்பு அளவில் தெரியும். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அட்டவணையைப் பயன்படுத்துவார். வேறெங்கோ எடுத்த எச்டிஎம்எல்லைக் கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக்கில் ஒட்டுவார். இவை ஒழுங்கீனம் என்று கோபப்பட வேண்டாம். எந்தத் துண்டு இல்லை என்று அவர்கள் செயலால் சொல்லிக்காட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை புதிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, ஒரே குறுக்குவழி மூன்று இடத்தில் தென்பட்டால் அதற்கொரு துண்டைச் செய்துகொடுங்கள். யாரும் தொடாத துண்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லாத் துண்டுகளையும் உண்மையான எழுத்தோடு வரிசையாகக் காட்டும் ஓர் உள்பக்கம் இருந்தால், எது ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதுகிறவரே பார்த்துக்கொள்வார். தீமை மாற்றும்போது எதெல்லாம் உடைகிறது என்று பார்க்கவும் அதே பக்கம் உதவும்.

முழுச் சுதந்திரம் பொருந்தும் இடங்களும் உண்டு. வடிவமைப்பாளரே நடத்தும் தன் சொந்த சைட், இரண்டு மாதத்தில் எடுத்துவிடப்போகும் பிரசாரப் பக்கம், ஒரே ஒருவர் எழுதி அவரே பராமரிக்கும் சின்ன சைட். அங்கே நான்காம் படிக் கருவியைத் தயங்காமல் எடுக்கலாம். பெரிய சைட்டிலும் முகப்புக்கும் பிரசாரப் பக்கங்களுக்கும் அதே அளவு சுதந்திரம் தேவைப்படலாம். அப்போது அதைத் தனிப் பக்க வகையாக வைத்து, இருவருக்கு மட்டும் உரிமை கொடுங்கள். பக்கத்தை எடுக்க வேண்டிய தேதியை உருவாக்கும்போதே ஒரு ஃபீல்டில் பதியச் செய்யுங்கள். கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக்கும் அந்த இருவருக்கே இருக்கட்டும். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் பார்த்துக்கொள்ள இருவர் வேண்டும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மொபைல் பார்வையைச் சோதிப்பது, நிற மாறுபாடு, தலைப்பு நிலை ஆகிய மூன்றையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிறகே உரிமையைத் திறந்துவிடுங்கள்.